சேங்கொட்டைக் குறி

படையின் வரலாறு எழுத வந்திருக்கிறீர்கள், ஐயா,
பதிவேடு எரிந்துபோனதால் என்னிடம்.
எனக்கு எழுத்து தெரியாது.
ஆயர் ஈத்தாம் ஆற்றுத்துறையில் மூன்றாம் கல் என்னுடையது.
பினாங்குத் தொண்டர் படையின் காக்கி
அந்தக் கல்லில் அடிபட்டுத்தான் அணிவகுப்புக்குப் போனது.

சேங்கொட்டையை ஊசியால் குத்தி
கழுத்துப்பட்டையின் உள்பக்கம் வைப்பேன்.
ஒற்றைப் புள்ளி, வங்கிக் குமாஸ்தா லிம் எங் சுவான்.
புள்ளிமேல் கோடு, துறைமுகத்து ரொசாரியோ;
அவன் வியர்வையில் எப்போதும் வெங்காய வாசம்.
கோட்டுக்கு இருபுறமும் புள்ளி, வாத்தியார் சவரிராயன்.
பிறை போல ஒரு வளைவு. ஓமார் என்று நினைப்பீர்கள்,
இல்லை, அது மேஜர் துரை.
ஓமாருக்குச் சூலம்.
கைக்கு வந்ததைப் போட்டேன், அவ்வளவுதான்.

போர் எனக்குத் துணியாகத்தான் வந்தது.
முதலில் முழங்கால் மண்,
வலது தோளில் மட்டும் எண்ணெய்க் கறை.
விமானம் வந்த வியாழனுக்குப் பிறகு இரத்தம்.
அவர்களுடையது இல்லை,
சந்தையில் அவர்கள் தூக்கிச் சுமந்தவர்களுடையது.
அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.
சுடுதண்ணீர் பட்டால்
கறை குடியேறிவிடும்.

செவ்வாய் இரவு வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள்.
மேஜர் துரையின் ஆறு சட்டை
கஞ்சி போட்டு மடித்தபடி என்னிடமே நின்றது.
கூலி பாக்கி ஒரு வெள்ளி எண்பது காசு.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் மற்றவர்கள் வந்தார்கள்,
கைலியில், பனியனில், ஒவ்வொருவராக.
உடுப்பைத் திருப்பிக் கேட்க வரவில்லை;
உடுப்பே இல்லை என்று சொல்ல வந்தார்கள்.
ரொசாரியோ மட்டும் தொப்பியை வாங்கி
உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அறுபத்துமூன்று உடுப்பு.
இரண்டு முறை வெள்ளாவி வைத்தேன்.
காக்கி வெளுத்தது, குறி வெளுக்கவில்லை.
கழுத்துப்பட்டையை வெட்டியிருக்கலாம் என்பீர்கள்.
வெட்டியிருக்கலாம்.
நல்ல தையல் அது, கை வரவில்லை.
மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் புதைத்தேன்.
நாய் தோண்டியது.

ஜப்பான்காரன் என்னை அடிக்கவில்லை, ஐயா.
சட்டைகளைத் தரையில் பரப்பி
கழுத்துகளைத் திருப்பி வைத்து,
கூட வந்தவனைவிட்டுக் கேட்டான்:
இது யார்?
இது யார்?
என் ஆயுளில் நான் படித்தது அன்று ஒருநாள்தான்.
ஒற்றைப் புள்ளி, குண்டில் செத்த மீன்காரன்.
சூலம், சுவர் விழுந்து செத்த ரிக்ஷாக்காரன்.
பிறையை மட்டும் உள்ளபடி சொன்னேன், மேஜர் துரை என்று;
அவர்தான் கடலைத் தாண்டிவிட்டாரே.
செத்தவர்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் சட்டை போட்டுவிட்டேன்.
நாற்பதுவரை தெரிந்த பிணங்கள் இருந்தன.
பிறகு தேட வேண்டியிருந்தது.

கோட்டுக்கு இருபுறமும் புள்ளி வந்தபோது
காப்பிக்கடை மரியசூசை என்றேன்.
அவன்மேல் கூரை சரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.
ஆஸ்பத்திரியில்
ஒரு கால் இல்லாமல் உயிரோடு கிடந்திருக்கிறான்.
கட்டிலோடு தூக்கிப்போனதாகப் பிறகு சொன்னார்கள்.
துப்பாக்கியைத் தொட்டதில்லை அவன்.
என்னிடம் துணி போட்டதும் இல்லை,
அவன் மனைவியே துவைப்பாள்.

இப்போது வாத்தியார் பதக்கத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்.
சாட்சி கேட்டால் சொல்கிறேன்.
படையில் இருந்தவர்தான், நல்ல மனுஷர்,
போன வாரம்கூட நாலு வேட்டி போட்டார்.
அவருக்கு இது தெரியாது.

உங்கள் புத்தகத்தில் அந்தக் குறிக்கு எதிரே
இரண்டு பெயர் எழுத இடம் உண்டா?
இல்லையென்றால் பெயர் வேண்டாம்,
குறியை மட்டும் போடுங்கள்.
இதோ கொட்டை, இதோ ஊசி.
பார்த்து, ஐயா, பார்த்து,
சாறு விரலில் பட்டால் புண்ணாகிவிடும்.